முதுகால் அளந்த தூரம்: சார்லஸ் பியான்கோனியின் வண்டித் தொழில், ஒரு நிகழ்வு ஆய்வு

1815 ஜூலை 6. அயர்லாந்தின் தென்பகுதியில் உள்ள கிளான்மெல் ஊரிலிருந்து காஹிருக்கு ஒரு வண்டி கிளம்பியது. இரண்டு சக்கரம், ஒற்றைக் குதிரை. தூரம் ஏறக்குறைய 10 மைல். நாலைந்து பேருக்கு மேல் உட்கார இடமில்லை. தொடக்க நாட்களில் அந்த இடமும் நிறையவில்லை.

28 ஆண்டுகள் கழித்து, 1843இல், அதே முதலாளியிடம் 100 வண்டிகளும் சுமார் 1,300 குதிரைகளும் இருந்தன. எல்லா வண்டிகளும் சேர்ந்து ஒரு நாளைக்கு 3,800 மைல் ஓடின. குதிரை மாற்றுவதற்கென்று மட்டும் 140 நிலையங்களுக்கு மேல். இத்தனைக்கும் அவர் அயர்லாந்துக்காரர் இல்லை. கையில் முதல் எதுவும் இல்லாமல், மொழி தெரியாமல், படம் விற்க வந்து இறங்கிய இத்தாலியப் பையன்.

சுயமாக முன்னேறியவர்களின் கதைகளில் உழைப்பு, நேர்மை, விடாமுயற்சி என்று மூன்று சொல்லை வைத்து முடித்துவிடுவார்கள். பியான்கோனியிடம் இந்த மூன்றும் இருந்தன. ஆனால் அவரைப் போலவே உழைத்த நடைவியாபாரிகள் அன்றைய அயர்லாந்தில் நிறைய பேர். அவர்கள் கடைசிவரை மூட்டையோடுதான் நடந்தார்கள். இவர் மட்டும் எப்படித் தப்பினார்? அந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

பெட்டியும் சாலையும்

கார்லோ (பின்னாளில் சார்லஸ்) பியான்கோனி 1786 செப்டம்பர் 24 அன்று இத்தாலியின் லொம்பார்தி பகுதியில், கோமோ ஏரிக்குத் தெற்கே த்ரெகோலோ என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பாவுக்குச் சிறிய பட்டு ஆலை ஒன்று இருந்தது. பரம ஏழைக் குடும்பம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தொழில் கற்க வெளிநாடு போவது வழக்கம். 1802இல் ஆந்திரேயா ஃபரோனி என்ற பட வியாபாரியோடு 18 மாதம் வேலை கற்க அனுப்பிவைத்தார்கள். புறப்படும்போது அம்மா சொன்னதாகக் குடும்பத்தார் பதிந்து வைத்திருப்பது இது: என்னை நினைக்கும்போதெல்லாம், இந்த ஜன்னலில் நின்று உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்.

லண்டன் போவதாகப் பேச்சு. போய்ச் சேர்ந்தது டப்ளின். ஈயச் சட்டத்தில் அடைத்த மலிவான படங்களைக் கையில் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பினார் ஃபரோனி. பையனுக்குத் தெரிந்த ஆங்கிலம், 'வாங்குங்க, வாங்குங்க' என்பதற்கான ஒரே சொல். என்ன விலை என்று கேட்டால், எத்தனை பென்னி என்று விரலை மடக்கிக் காட்டுவான். புனிதர்கள் படம், அரச குடும்பத்துப் படம், போர்த் தளபதிகள் படம். அவற்றில் நெப்போலியன் படமும் இருந்தது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் நடந்த காலம் அது. வாட்டர்ஃபோர்டுக்குப் பக்கத்துப் படகுத்துறை ஒன்றில் அந்தப் படத்துக்காகவே காவலர்கள் பிடித்து, நெருப்பும் படுக்கையும் இல்லாத அறையில் ஓர் இரவு முழுக்க அடைத்து வைத்தார்கள். காலையில் விட்டுவிட்டார்கள்.

18 மாதம் முடிந்ததும் ஊர் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. பெட்டி நிறையப் படங்களை வாங்கித் தானே முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பினார். 20, 30 மைல் நடை சாதாரணம். அயர்லாந்து மழையில், பாரத்தோடு. பிற்காலத்தில் தன் தொழிலின் மூலத்தைச் சொல்லும்போது அவர் திரும்பத் திரும்பத் தொட்டது இந்த நடையைத்தான். கால்நடையாக அலையும் தனக்கும், குதிரையிலோ வண்டியிலோ தன்னைத் தாண்டிப் போகிறவனுக்கும் இடையே இருந்த தூரம் மனதில் தைத்தது. வண்டியில் போகிறவன் அதே ஒரு நாளில் மூன்று ஊரில் வியாபாரம் பார்த்துவிடுகிறான். நடக்கிறவனுக்கு ஒரு ஊரே ஒரு நாளைத் தின்றுவிடுகிறது.

1806இல் காரிக்-ஆன்-ஷூரில் ஒரு சிறு கடை. படச்சட்டம் செதுக்கித் தங்கப்பூச்சு பூசும் வேலை. அங்கிருந்து வாட்டர்ஃபோர்ட். அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய எட்மண்ட் ரைஸ் இவருக்குப் பழக்கமானார். கிறிஸ்தவ சகோதரர்கள் சபையை நிறுவியவர் அவர்தான். பையனின் ஆங்கிலத்தைத் திருத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1809 வாக்கில் பியான்கோனி கிளான்மெலில் நிரந்தரமாகக் கடை போட்டார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பலர் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். வண்டிக்கான கைமுதல் படம் விற்று மட்டும் வந்ததல்ல. 1797 முதல் இங்கிலாந்து வங்கி தன் காகித நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தியிருந்தது. போர்ச்செலவுக்குத் தங்கம் தேவைப்பட்டது. கினி என்ற தங்கக் காசுக்கு முகமதிப்பைவிடக் கூடுதல் விலை கிடைத்தது. அயர்லாந்துக் கிராமத்து மக்களோ கினிகளைப் பழைய காலுறையிலும் கூரை இடுக்கிலும் ஒளித்து வைத்திருந்தார்கள். எந்த வீட்டில் எது இருக்கும் என்று தெரிந்தவர் யார்? ஆண்டுக்கணக்கில் வாசல் வாசலாகப் படம் விற்ற ஆள். கினிகளை வாங்கி நகரத்தில் கொடுத்தார், வித்தியாசம் கையில் நின்றது. நடந்து நடந்து கிடைத்த ஊர்ப் பழக்கம்தான் இங்கே முதலாக மாறியது.

போர் முடிந்த பதினெட்டாவது நாள்

1815 ஜூன் 18, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர். அதிலிருந்து 18 நாளில் பியான்கோனியின் முதல் வண்டி ஓடுகிறது. அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் அதிர்ஷ்டம் கிளான்மெல் ஊருக்கே பொதுவாகத்தான் வந்தது. ராணுவத்துக்கென்று வளர்த்த குதிரைகளுக்குத் திடீரென்று கிராக்கி இல்லாமல் போனது. நல்ல குதிரை 10 முதல் 20 பவுண்டுக்குக் கிடைத்தது. வண்டிகள் மீது போட்ட வரியால், வசதியுள்ள குடும்பங்கள் தங்கள் சொந்த ஜாண்டிங் கார்களைக் கைவிட்டுக்கொண்டிருந்தன. 'கார்' என்றால் அங்கே குதிரை வண்டி. பயணிகள் முதுகோடு முதுகு வைத்து இரு பக்கமும் வெளியே பார்த்து உட்காரும் வண்டி அது. அதையும் மலிவாக வாங்கினார்.

சாலை ஏற்கெனவே இருந்தது. மாவட்ட நிர்வாகத்தைக் கவனித்த 'கிராண்ட் ஜூரி' குழுக்கள் வரிப்பணத்தில் போட்ட அயர்லாந்துச் சாலைகள் அன்றைய நிலைக்கு நல்ல சாலைகள். ஆக வண்டி, குதிரை, சாலை மூன்றும் தயார். இந்த மூன்றையும் சேர்த்து, சாமானியனுக்கு நேரம் குறித்து ஓட்ட ஆள் இல்லை என்பதுதான் குறை. பெருஞ்சாலைகளில் அஞ்சல் கோச்சுகள், அதாவது தபாலோடு பயணிகளையும் ஏற்றும் பெரிய குதிரை வண்டிகள், ஓடின. அவை ஊருக்கு ஊர் குறுக்கே போகாது, கட்டணமும் எட்டாத உயரம்.

பியான்கோனி வைத்தது மைலுக்கு ஒன்றேகால் பென்னி. காஹிர் வரை ஒரு ஷில்லிங்குக்கு, அதாவது 12 பென்னிக்கு, சற்று மேல். விவசாயக் கூலியின் ஒரு நாள் சம்பளம் அதற்குப் போதாது என்பதை மறக்கக் கூடாது. அப்படியென்றால் அவர் கணக்கில் வைத்தது யாரை? முட்டையும் வெண்ணெயும் விற்கப் போகும் சிறு விவசாயி, துணிக்கடைக்காரர், வழக்குக்காக நீதிமன்றம் போகிறவர். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று இரண்டு நாள் வேலையை இழக்கிறவர்கள் இவர்கள். இழந்த நாளின் மதிப்பு வண்டிக் கட்டணத்தைவிட அதிகம் என்று அவர்களுக்குப் புரிய வேண்டும். புரிய நேரம் பிடித்தது. நடந்தே பழகியவர்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

அப்போது அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. தனக்கே போட்டியாக இன்னொரு வண்டியை, தன்னுடையது என்று வெளியே தெரியாமல், அதே சாலையில் இறக்கினார். அவருடைய சொந்த வண்டிக்காரருக்கே விஷயம் தெரியாது. இரண்டு வண்டியும் முந்தப் பார்த்தன. ஊர் வேடிக்கை பார்த்தது, பக்கம் பிரிந்து பேசியது, ஏறியது. ஒரு நாள் அவருடைய வண்டிக்காரர் பெருமை தாங்காமல் ஓடிவந்தார். மேட்டில் நான் விரட்டிய விரட்டில் அந்தப் போட்டிக்காரனின் பெரிய குதிரை விழுந்து செத்துப்போச்சு, இனி நமக்குத் தொல்லை இல்லை என்றார். செத்தது முதலாளியின் குதிரை. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் நின்றார் முதலாளி.

அந்த ஆண்டு முடிவதற்குள் ரூட் திப்பரேரி, லிமெரிக் வரை நீண்டது. பிறகு கார்க், வாட்டர்ஃபோர்ட், காஷல், தர்ல்ஸ். குறுக்குச் சாலைகளில் அஞ்சல் பைகளும் அவருடைய வண்டிகளில் ஏறின. மனிதன் ஏறாத நடையிலும் அஞ்சல் காசு வரும். மக்களுக்கோ, அஞ்சல் போகும் வண்டி என்றால் நேரம் தவறாது என்ற நம்பிக்கை.

பாலத்தில் ஒரு கூட்டம்

1826 பொதுத்தேர்தலில் வாட்டர்ஃபோர்ட் தொகுதி ஒரு போர்க்களம். தலைமுறைகளாக அதைக் கையில் வைத்திருந்த பெரஸ்ஃபோர்ட் குடும்பத்துக்கு எதிராக, கத்தோலிக்கர் உரிமையை ஆதரித்த வில்லியர்ஸ் ஸ்டூவர்ட் நின்றார். வாக்காளரை ஏற்றி வர வண்டி வேண்டும். முதலில் வந்து ஒப்பந்தம் பேசியது பெரஸ்ஃபோர்ட் தரப்பு. பியான்கோனி கத்தோலிக்கர், மனம் மறுபக்கம். ஆனாலும் வந்த வாடகையை ஏற்றுக்கொண்டார்.

கூட்டம் விடவில்லை. வண்டிகள் மீது சேற்றை வாரி அடித்தார்கள். ஒரு வண்டியைக் குதிரைகளோடு பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளப் பார்த்தார்கள். வண்டியையும் ஆட்களையும் காப்பாற்ற முடியாது, ஒப்பந்தத்திலிருந்து விடுவியுங்கள் என்று கேட்டு வெளியே வந்தார். உடனே எதிர்த்தரப்பு அமர்த்திக்கொண்டது. வில்லியர்ஸ் ஸ்டூவர்ட் வென்றார். அந்தத் தேர்தலில் பியான்கோனிக்குக் கிடைத்தது 1,000 பவுண்டு. அப்படியே குதிரையாக மாற்றினார். தொழில் ஒரே தாவலில் பெரிதானது அப்போதுதான்.

இதை அவருடைய சாமர்த்தியத்துக்குச் சான்றாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. யார் பக்கம் நிற்பது என்பதை முதலில் அவர் தீர்மானிக்கவில்லை. பாலத்தில் நின்ற கூட்டம் தீர்மானித்தது. ஆனால் அந்தப் பாடம் அவருக்குள் இறங்கியது என்று நம்ப இடம் இருக்கிறது. பின்னாளில், கத்தோலிக்கர் உரிமைக்காகப் போராடிய தலைவர் டேனியல் ஓ'கானலின் நெருங்கிய நண்பராக, வெளிப்படையான ஆதரவாளராகவே அவர் வாழ்ந்தார்.

குதிரைக் கணக்கு

1843இல் கார்க்கில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் அவரே தன் தொழிலின் கணக்கை வாசித்தார். வண்டிகளில் 4 பேர் ஏறுவதும் உண்டு, 20 பேர் ஏறுவதும் உண்டு. வேகம் மணிக்கு 8, 9 மைல். கட்டணம் அப்போதும் சராசரியாக மைலுக்கு ஒன்றேகால் பென்னி. 28 ஆண்டு கழித்தும் அதே கட்டணம் என்பதில் சற்று நிற்க வேண்டும்.

அது எப்படி முடிந்தது என்பதற்கு அவர் சொன்ன ஒரு வரி போதும். ஞாயிற்றுக்கிழமை, அஞ்சலுக்கும் கால்வாய்ப் படகுக்கும் இணைப்பாக ஓடுபவை தவிர மற்ற வண்டிகளை நிறுத்திவிடுவார். ஒன்று, அயர்லாந்து மக்கள் பக்தியுள்ளவர்கள், வேலை விஷயமாக அன்று பயணிக்க மாட்டார்கள். இரண்டாவது, ஒரு குதிரையை வாரம் 7 நாளும் 6 மைல் ஓட்டுவதைவிட, 6 நாள் 8 மைல் ஓட்டுவது நல்லது என்பது அவர் அனுபவம். போட்டுப் பாருங்கள். ஏழாறு 42, ஆறெட்டு 48. ஓய்வு கொடுத்த குதிரை வாரத்துக்கு 6 மைல் கூடுதலாக ஓடுகிறது. 1,300 குதிரைக்கு அது 7,800 மைல்.

இதே எண்களை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 1,300 குதிரை, நாளைக்கு 8 மைல் என்றால் மொத்தம் 10,400 குதிரை மைல். வண்டிகள் ஓடியதோ 3,800 மைல். ஒரு வண்டிக்குச் சராசரியாக மூன்று குதிரைக்குச் சற்றுக் குறைவு. ஒற்றைக் குதிரை வண்டியில் தொடங்கியவர், 2, 3, 4 குதிரை பூட்டும் நான்கு சக்கர 'நெடுங்கார்'களுக்குப் போய்விட்டார் என்பதை இந்த எண்ணே காட்டுகிறது. மிகப் பெரிய வண்டிக்கு அயர்லாந்துப் பழங்கதை அரக்கவீரன் ஃபின் மெக்கூலின் பெயர். மேலே கூரை கிடையாது. மழை அடித்தால் ஒரு பக்கத்து வரிசை முழுக்க நனையும். மடிமேல் போர்த்த ஒரு தார்ப்பாய் மட்டும் உண்டு. சுகத்தை விற்கவில்லை அவர், போய்ச் சேர்வதை விற்றார்.

வண்டிகளை கிளான்மெலில் தன் பட்டறையிலேயே செய்தார். ஒவ்வொரு நடைக்கும் டிரிப் ஷீட் உண்டு. யார் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், கலெக்ஷன் எவ்வளவு என்பது அதில் வந்தாக வேண்டும். லாயத்து உதவியாளாகச் சேர்ந்தவன் படிப்படியாக ஏறி வண்டிக்காரனாக வரலாம். குடிக்கும் பொய்க்கும் மன்னிப்பில்லை. வயதானாலோ அடிபட்டாலோ முழுச் சம்பளமும் ஓய்வூதியமாக வந்தது. அன்றைய காலத்தில் இதைச் செய்த முதலாளிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் விரல் மிஞ்சும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது தீவனக் கணக்கு. ஆண்டுக்கு 3,000 முதல் 4,000 டன் உலர்புல், 30,000 முதல் 40,000 பேரல் ஓட்ஸ். அத்தனையும் அந்தந்த நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலேயே வாங்கியது. 140 நிலையத்துக்குப் பிரித்தால், ஒவ்வொரு நிலையமும் அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் ஆண்டுக்கு 20 டன்னுக்கு மேல் புல்லும் 200 பேரலுக்கு மேல் ஓட்ஸும் வாங்கியிருக்கிறது. திப்பரேரி அன்று நிலத்தகராறும் இரவுத் தாக்குதலும் மலிந்த மாவட்டம். அந்தச் சாலைகளில் நடுராத்திரியில், ஆள் நடமாட்டமில்லாத இடங்களில், அஞ்சல் பையோடு இந்த வண்டிகள் போயின. 42 ஆண்டில் மக்கள் என் உடைமைக்கோ என்னை நம்பி ஒப்படைத்த பொருளுக்கோ துளிச் சேதமும் செய்ததில்லை என்று 1857இல் அவர் சொன்னார். மக்களின் நல்ல மனம் என்றார் அவர். நல்ல மனம்தான். கூடவே, அந்த வண்டி நின்றால் தன் ஓட்ஸ் விலைபோகாது என்று தெரிந்த விவசாயி வழியெங்கும் இருந்தான்.

மேற்குக் கரையில் இதன் விளைவு இன்னும் பெரிது. 1822 பஞ்சத்துக்குப் பின் நிவாரண வேலையாக அலெக்சாண்டர் நிம்மோ அங்கே புதுச் சாலைகள் போடத் தொடங்கியிருந்தார். அந்தப் பக்கங்களிலும் பியான்கோனி வண்டி விட்டார்: டிராலீயிலிருந்து காஹிர்சிவீன், கால்வேயிலிருந்து கிளிஃப்டன், பாலினாவிலிருந்து பெல்முல்லெட். வண்டி வருவதற்கு முன் அந்த ஊர்களில் சட்டைக்கான காலிக்கோ துணி கெஜம் 8, 9 பென்னி. வண்டி வந்தபின் 3, 4 பென்னி. ஒரு சட்டைக்கே தடுமாறிய ஏழை, பழைய ஒரு சட்டையின் விலைக்கும் குறைவாக இரண்டு வாங்கினான் என்று சொன்னார். தான் மூட்டை தூக்கி விற்ற காலத்தில் விலை ஏன் ஏறியது என்பது முதுகால் தெரிந்தவர் சொன்ன வரி அது.

ரயில்

அயர்லாந்தின் முதல் ரயில் பாதை 1834இல் டப்ளினுக்கும் கிங்ஸ்டவுனுக்கும் இடையே வந்தது. 1849இல் டப்ளின்–கார்க் பாதை முடிந்தது. குதிரைக்காரர்கள் பலருக்கு அது சாவு ஓலை. பியான்கோனி ரயிலை எதிர்த்து மனுப் போடவில்லை, பங்கு வாங்கினார். ரயில் வந்த சாலையிலிருந்து வண்டியை எடுத்து, ரயில் போகாத குறுக்குச் சாலைகளில் விட்டார். ரயில் நிலையத்தில் இறங்குகிறவனை அவனுடைய ஊருக்குக் கொண்டுபோய் விடும் வேலை முழுக்க அவருடையதானது. 1857இலும் 67 வண்டியும் சுமார் 900 குதிரையும் ஓடிக்கொண்டிருந்தன. 100லிருந்து 67. சரிவுதான். ஆனால் கோச் தொழில் சுற்றிலும் செத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் சரிவு எவ்வளவு மெதுவானது என்று பார்க்க வேண்டும்.

லாங்ஃபீல்ட்

1831இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். அதுவரை அந்நியராக இருந்ததால் நிலம் வாங்க முடியாது. 1844இல் கிளான்மெல் மேயர். 1846இல் காஷலுக்கு அருகே லாங்ஃபீல்ட் என்ற சுமார் 1,000 ஏக்கர் பண்ணையை வாங்கினார்.

ஆண்டைக் கவனியுங்கள். 1845இல் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கியது. 1846இல் மறுபடி அழுகியது. பெரும்பஞ்சத்தின் நடுவே ஒருவர் பண்ணை வாங்குகிறார். பண்ணையில் வேலை கொடுத்தார், குடியானவர்களை நன்றாக நடத்தினார் என்று வரலாறு சொல்கிறது; அந்த வரலாற்றில் பெரும்பகுதி அவருடைய மகளின் பேனாவிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவர் நல்ல நிலக்கிழாராக இருந்திருக்கலாம். வாசல் வாசலாகப் போன பையன் நிலக்கிழார் ஆனதே எனக்கு உறுத்துகிறது. அன்றைய அயர்லாந்தில் சேர்த்த பணத்துக்கு மதிப்பு கிடைக்க வேறு வழி இருந்திருக்காது.

மகன் 1864இல் இறந்தார். அடுத்த ஆண்டு ஒரு விபத்தில் பியான்கோனிக்குத் தொடை எலும்பு முறிந்தது. வயது 79ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. தொழிலை விட்டார். பெரிய கம்பெனிக்கு மொத்தமாக விற்கவில்லை. ரூட் ரூட்டாகப் பிரித்து, அந்தந்த ரூட்டைப் பல ஆண்டாகக் கவனித்துவந்த தன் ஏஜெண்டுகளுக்கும் ஆட்களுக்கும் எளிய தவணையில் கொடுத்தார்.

1875 செப்டம்பர் 22, 89ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, லாங்ஃபீல்டில் காலமானார். போஹர்லஹானில் தானே கட்டியிருந்த சிற்றாலயத்தில் அடக்கம். பியான்கோனி என்ற பெயர் கிளான்மெல்காரர்களின் நாக்கில் கடைசிவரை நிற்கவில்லை. 'பிரையன் கூனி' என்று அதை அயர்லாந்துப் பெயராக்கி வைத்திருந்தார்கள். வண்டிக்குப் பெயர் 'பியான்'. முதலாளி போன பிறகும் மேற்கத்தியச் சாலைகளில் மக்கள் பியானுக்குக் காத்து நின்றார்கள்.